64 பேரும் பிழைத்தார்கள், கப்பல் பிழைக்கவில்லை: கன்கார்டியா நிகழ்வு ஆய்வு

2010 பிப்ரவரி 17 அன்று பிற்பகல், பிரேசில் கரையிலிருந்து சுமார் 550 கிலோமீட்டர் தள்ளி, கன்கார்டியா என்ற பாய்மரக் கப்பல் காற்றில் சாய்ந்து மூழ்கியது. கப்பலில் 64 பேர் இருந்தார்கள். 48 பேர் மாணவர்கள், 8 பேர் ஆசிரியர்கள், 8 பேர் மாலுமிகள். ஒருவர்கூட இறக்கவில்லை. உயிர்காப்பு மிதவைகளில் கிட்டத்தட்ட 40 மணி நேரம் கிடந்து, வழியே போன இரண்டு சரக்குக் கப்பல்களில் ஏறி, ரியோ டி ஜெனீரோவில் கரை சேர்ந்தார்கள்.

எங்கோ நடந்த இந்த விபத்தை நெல்லைச் சீமையில் இருந்துகொண்டு அலச ஒரு காரணம் உண்டு. அம்பாசமுத்திரம், சங்கரன்கோவில், திசையன்விளை, உடன்குடி என்று நம் பக்கத்துப் பிள்ளைகள் வருஷா வருஷம் கப்பல் வேலைக்குக் கிளம்புகிறார்கள். அப்படிப் போகிறவர்களுக்கு உயிர்காப்புப் பயிற்சி சொல்லிக்கொடுப்பது என் தொழில். அந்தச் சான்றிதழ் இல்லாமல் சி.டி.சி. என்கிற மாலுமிப் பதிவுப் புத்தகம் கிடைக்காது என்பதால் வருகிறவர்களே அதிகம். வந்தோமா, நீச்சல்குளத்தில் குதித்தோமா, கையெழுத்துப் போட்டோமா என்று முடித்துவிடப் பார்ப்பார்கள். அவர்களிடம் நான் முதலில் எடுத்து வைப்பது கன்கார்டியாவைத்தான். அவசரகால ஒத்திகை ஜெயித்ததும் தோற்றதும் ஒரே கப்பலில், ஒரே பிற்பகலில் நடந்திருக்கிறது. இவ்வளவு தெளிவாக இரண்டையும் சேர்த்துக் காட்டும் நிகழ்வு வேறெதுவும் எனக்குத் தெரியாது.

பெயரைக் கேட்டதும் பலருக்கு 2012 ஜனவரியில் இத்தாலியின் ஜில்யோ தீவருகே பாறையில் மோதி 32 பேரைப் பலிகொண்ட சொகுசுக் கப்பல் நினைவுக்கு வரும். அது கோஸ்டா கன்கார்டியா. இது வேறு.

கப்பலும் படிப்பும்

கன்கார்டியா 1992-ல் போலந்தில் கட்டப்பட்ட எஃகுக் கப்பல். மூன்று பாய்மரங்கள். முன்மரத்தில் குறுக்குச் சட்டங்களில் கட்டிய சதுரப் பாய்கள், பின்னால் இருக்கிற இரண்டு மரங்களிலும் கப்பலின் நீளவாக்கில் திரும்பும் பாய்கள். நீளம் ஏறக்குறைய 57 மீட்டர். பதிவு பார்படாஸ் நாட்டில். கனடாவின் ‘கிளாஸ் அஃப்ளோட்’ என்ற திட்டம் இதைப் பள்ளிக்கூடமாக நடத்தியது. உயர்நிலைப் பள்ளி மாணவர்களும் கல்லூரி முதலாண்டு மாணவர்களும் மாதக்கணக்கில் கப்பலிலேயே தங்கிப் படித்தார்கள். பிப்ரவரி 8-ல் பிரேசிலின் ரெசிஃபி துறைமுகத்தை விட்டு உருகுவேயின் மான்டிவிடியோவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் விபத்து.

பாய்க்கப்பலில் மாணவ வாழ்க்கை என்றால் படம் பிடித்துப் போடுகிற சாயங்கால வெயில் மட்டும் அல்ல. பகலில் பாடம், நடுவில் காவல் முறை, ராத்திரி உறக்கம் பாதியில் கலைந்து மறுபடியும் காவல் முறை. சுக்கானைப் பிடிக்க ஒருவர், முன்னால் நின்று கடலைப் பார்க்க ஒருவர், என்ஜின் அறையையும் கதவுகளையும் சுற்றிப் பார்த்துவர ஒருவர். சமையலறைக்கு ஒரு முறை வரும், தளம் தேய்க்க ஒரு முறை வரும். வீட்டில் சாப்பிட்ட தட்டை எடுத்து வைக்காத பிள்ளை இங்கே அறுபது பேருடைய தட்டைக் கழுவ வேண்டும், அதுவும் சாய்ந்து ஆடுகிற தொட்டியில். இதற்கு நடுவே தேர்வுக்கும் படிக்க வேண்டும்.

இந்த வாழ்க்கைக்கும் ஒத்திகைக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. சொகுசுக் கப்பலில் பயணி என்பவர் காப்பாற்றப்பட வேண்டியவர், அவ்வளவுதான். பயிற்சிப் பாய்க்கப்பலில் அப்படி இல்லை. மாலுமிகள் எட்டுப் பேர்தான். அவசரமாகப் பாயைக் குறைக்க வேண்டுமென்றால் கயிற்றை இழுக்க மாணவர்களின் கையும் வேண்டும். காப்பாற்றப்பட வேண்டிய பிள்ளையும் கப்பலைக் காப்பாற்ற வேண்டிய பிள்ளையும் ஒருவரே. இந்த இரட்டைப் பொறுப்பைச் சரியாகப் புரிந்துகொள்ளாமல் வகுக்கிற ஒத்திகை, பாதி ஒத்திகைதான்.

எல்லாக் கப்பலிலும் இருக்கிற விதிகள் இங்கேயும் உண்டு. ஏழு அல்லது அதற்கு மேல் குறுகிய ஊதல், பிறகு ஒரு நீண்ட ஊதல். அந்தச் சத்தம் கேட்டால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு, லைஃப் ஜாக்கெட்டுடன் தனக்குக் குறித்த இடத்துக்குப் போக வேண்டும். யார் எந்த இடம், யாருக்கு என்ன வேலை என்று எழுதிய மஸ்டர் பட்டியல் தளத்துக்குத் தளம் ஒட்டியிருக்கும். சர்வதேச விதிப்படி மாலுமி ஒவ்வொருவரும் மாதம் ஒரு முறையாவது தீ ஒத்திகையிலும் கப்பலைக் கைவிடும் ஒத்திகையிலும் கலந்துகொள்ள வேண்டும். லைஃப் ஜாக்கெட்டை ஒரு நிமிஷத்துக்குள் யார் துணையும் இல்லாமல் மாட்டக்கூடிய விதத்தில்தான் செய்கிறார்கள். அந்த ஒரு நிமிஷம் வெளிச்சத்தில் நின்றுகொண்டு மாட்டுகிறவர்களுக்கு. இருட்டில், குறுகலான படுக்கையில் இருந்து எழுந்து, தலைகீழாகக் கையில் அகப்பட்ட ஜாக்கெட்டின் பட்டையைத் தடவிக் கண்டுபிடிக்கச் சொல்லிப் பாருங்கள். பத்துப் பேரில் பாதிப் பேருக்குப் பட்டை முதுகுப் பக்கம் முறுக்கிக் கிடக்கும்.

அந்தப் பிற்பகல்

கனடாவின் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் இந்த விபத்தை விசாரித்து 2011-ல் அறிக்கை வெளியிட்டது. விபத்து நடந்த உடனே வெளியே வந்த செய்தி, மேலிருந்து அப்படியே கொட்டுகிற அசாதாரணக் காற்று கப்பலைக் கவிழ்த்தது என்பதுதான். மனுஷ முயற்சிக்கு அப்பாற்பட்டது, யாரால் என்ன செய்ய முடியும் என்ற தொனி. வாரியம் இதை ஏற்கவில்லை. அன்றைக்கு வீசியது பெரும்பாலும் 25 முதல் 50 நாட் வேகக் காற்றாக இருக்கும், அதில் கீழ்நோக்கிய விசையும் கொஞ்சம் இருந்திருக்கலாம், ஆனால் அந்த அசாதாரணக் காற்றுக்கு ஆதாரம் இல்லை என்று எழுதியது.

25 நாட் என்பது மணிக்கு 46 கிலோமீட்டர், 50 நாட் என்பது 93 கிலோமீட்டர். நம் ஊர் வானொலியில் அடிக்கடி கேட்கிற அறிவிப்புதான் இது. மன்னார் வளைகுடாவிலும் குமரிக்கடலிலும் மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்தில், இடையிடையே 65 வரை சூறாவளிக்காற்று வீசக்கூடும், மீனவர்கள் கடலுக்குப் போக வேண்டாம் என்பார்கள். உவரியிலும் மணப்பாட்டிலும் அதைக் கேட்டு வள்ளத்தை மேலே இழுத்து வைக்கிறார்கள். கன்கார்டியாவைச் சாய்த்த காற்று இந்த வரிசையில் கொஞ்சம் மேலே நிற்கிறது, அவ்வளவுதான். முப்பது வருஷத்துக்கு ஒரு முறை வருகிற பேய்க்காற்று அல்ல.

அந்த நேரத்தில் காவல் பொறுப்பில் இருந்தவர் இரண்டாம் அதிகாரி. சூறைக்காற்று நெருங்கி வந்தது. அதை ஆபத்தாக அவர் எடுத்துக்கொள்ளவில்லை. பாயைக் குறைக்கவும் இல்லை, கப்பலின் போக்கை மாற்றவும் இல்லை. காற்று வந்து அடித்தது. கப்பல் சாய்ந்தது, சாய்ந்தது நிமிரவில்லை.

இங்கே ஒரு கணக்கைப் புரிந்துகொள்ள வேண்டும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் பாயின் மேல் விழுகிற விசை நான்கு மடங்காகும். 20 நாட் காற்றில் சுகமாகச் சாய்ந்து ஓடுகிற கப்பலை 40 நாட் காற்று அதே பாயோடு பிடித்தால், நான்கு மடங்கு விசையோடு தள்ளுகிறது. ஆடி மாதத்தில் காவல்கிணறு, பணகுடி பக்கம் பைக் ஓட்டியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற காற்றுக்கு எதிராகக் கொஞ்சம் சாய்ந்தே ஓட்டிப் பழகியிருப்போம். சாய்ந்து ஓட்டுவது ஆபத்தில்லை. ஏற்கெனவே எவ்வளவு சாய்ந்திருக்கிறோம், அடுத்த வீச்சுக்கு எவ்வளவு இடம் மிச்சம் வைத்திருக்கிறோம் என்பதுதான் கேள்வி.

பாய்க்கப்பலுக்கு அந்த மிச்ச இடத்தைக் கணக்குப் போட்டுத் தருகிற வரைபடங்கள் இருக்கின்றன. 1984 ஜூனில் மார்க்வெஸ் என்ற பழைய பாய்க்கப்பல் பெர்முடா அருகே சூறைக்காற்றில் மூழ்கியது. 28 பேரில் 19 பேர் போய்விட்டார்கள். அதற்குப் பிறகு இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் வுல்ஃப்சன் ஆய்வுக்குழு பாய்க்கப்பல்களின் நிலைத்தன்மையை, அதாவது சாய்ந்தாலும் கவிழாமல் நிமிரும் திறனை, ஆராய்ந்து இந்த வரைபடங்களை உருவாக்கியது. இப்போது வீசுகிற காற்று இவ்வளவு, கப்பலின் சாய்வு இவ்வளவு என்றால், எத்தனை நாட் வேகத்தில் சூறை அடித்தால் திறப்புகள் வழியாகத் தண்ணீர் ஏறும் என்று அதைப் பார்த்துச் சொல்லிவிடலாம். பார்த்துவிட்டு முன்கூட்டியே பாயைக் குறைக்கலாம்.

கன்கார்டியாவின் நிலைத்தன்மைப் புத்தகத்தில் அந்த வரைபடம் இருந்தது. அதிகாரிகளுக்கு அதைப் பயன்படுத்தப் பயிற்சி இல்லை, பயிற்சி வேண்டும் என்று எந்த விதியும் கட்டாயப்படுத்தவும் இல்லை. புத்தகம் அலமாரியில், காற்று வெளியே. அந்த அதிகாரி ஒருவர்மீது பழியைப் போட்டுவிட்டு நகர்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. பத்தொன்பது உயிரைக் கொடுத்துக் கற்றுக்கொண்ட பாடத்தைத் தாளில் ஏற்றிவிட்டு, அதைக் கையில் எடுக்க வேண்டிய மனுஷனுக்குச் சொல்லித்தராமல் விட்டது பெரிய குறை. வாரியத்தின் பரிந்துரைகளும் இதைச் சுற்றித்தான் இருந்தன. பயிற்சிப் பாய்க்கப்பல் அதிகாரிகளுக்கு நிலைத்தன்மைத் தகவலைப் பயன்படுத்தும் பயிற்சி வேண்டும், உலக அளவில் அதற்குத் தரம் வகுக்க வேண்டும் என்றது.

திறந்திருந்த கதவுகள்

சாய்ந்த எல்லாக் கப்பலும் மூழ்கிவிடுவதில்லை. கப்பலின் திறப்புகள் அடைத்திருந்தால், காற்று தணிந்ததும் நிமிர வாய்ப்பு உண்டு. கன்கார்டியாவில் கதவுகள், ஜன்னல்கள், காற்றுக்குழாய்கள் திறந்திருந்தன. தென் அரைக்கோளத்துக் கோடை, மாசி மாத வெக்கை, உள்ளே பிள்ளைகள் வகுப்பில் இருக்கிறார்கள். திறந்து வைப்பது இயல்புதான். கப்பல் படுத்ததும் அந்தத் திறப்புகள் தண்ணீருக்குள் போயின. தண்ணீர் ஏற ஏறச் சாய்வு கூடியது, சாய்வு கூடக் கூட இன்னும் சில திறப்புகள் தண்ணீருக்குள் போயின. இதற்குப் பிறகு கப்பலைத் திருப்பி எடுக்க யாராலும் முடியாது.

இந்த ஆய்வில் எனக்கு ஆற மாட்டாமல் இருப்பது இந்த இடம்தான். பாயைக் குறைப்பதற்கு அனுபவம் வேண்டும், காற்றைப் படிக்கக் கண் பழக வேண்டும். கதவைச் சாத்துவதற்கு என்ன வேண்டும்? பதினாறு வயதுப் பிள்ளை செய்கிற வேலை. ‘வானம் கறுக்குது, காற்றுப் பக்கத்துக்கு எதிர்ப்பக்கக் கதவுகளை அடை’ என்று ஒரு குரல் கொடுத்தால், காவலில் நிற்கிற இரண்டு மாணவர்கள் ஓடிப்போய்ச் சாத்திவிட்டு வந்துவிடலாம். அது ஒத்திகைப் பட்டியலில் இல்லை என்பதுதான் விஷயம். பெரும்பாலான கப்பல்களில் ஒத்திகை என்பது மணி அடித்த பிறகு செய்கிற வேலை. மணி அடிப்பதற்கு முந்தைய பத்து நிமிஷத்துக்கு ஒத்திகை கிடையாது.

1957 செப்டம்பரில் ஜெர்மன் பயிற்சிப் பாய்க்கப்பலான பாமிர் அட்லாண்டிக் புயலில் கவிழ்ந்தபோது கப்பலில் 86 பேர். பிழைத்தவர்கள் 6 பேர். பார்லி தானியம் ஏற்றியிருந்தது, அது உள்ளே சரிந்தது. 1961 மே மாதம் மெக்சிகோ வளைகுடாவில் அல்பட்ராஸ் என்ற பள்ளிக் கப்பல் சூறையில் அகப்பட்டுச் சில நிமிஷங்களில் முழுகியது. நான்கு மாணவர்களும் இரண்டு மாலுமிகளும் இறந்தார்கள். இந்தக் கப்பல்களை எல்லாம் அடுக்கிப் பார்த்தால் கன்கார்டியாவில் 64 பேரும் பிழைத்தது எவ்வளவு பெரிய காரியம் என்று விளங்கும்.

ஒத்திகை கைகொடுத்த நேரம்

கப்பல் ஒரு பக்கமாகப் படுத்துவிட்டால் உள்ளே என்ன நடக்கும்? சுவர் தரையாகிவிடும். மாடிப்படி பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு நிற்கும். எதிர்ப்பக்கக் கதவு தலைக்கு மேலே போய்விடும், அதைத் தள்ளித் திறக்க வேண்டும், தள்ளினால் தன் எடையிலேயே திரும்பி விழும். புத்தகம், மேசை, பாத்திரம், மனுஷன் எல்லாம் கீழ்ப்பக்கம் குவியும். மின்சாரம் போகும். பழகிய வழி ஒன்றுகூட அதே இடத்தில் இருக்காது.

இந்த நிலையில்தான் வகுப்பில் இருந்த பிள்ளைகளும் படுக்கையில் இருந்த பிள்ளைகளும் வெளியே வந்தார்கள். ஜாக்கெட் மாட்டினார்கள், ஒருவரையொருவர் தூக்கிவிட்டார்கள், மிதவைகளில் ஏறினார்கள். ரேடியோவில் உதவி கேட்கக்கூட வழியில்லாமல் போயிற்று. எத்தனையோ முறை ஒத்திகை பார்த்திருந்ததால்தான் கை தானாக வேலை செய்தது என்று தப்பி வந்தவர்கள் பின்னால் சொன்னார்கள். நான் அதை நம்புகிறேன். நிமிர்ந்து நின்ற கப்பலில் பார்த்த ஒத்திகைதான் அது. ஆனாலும் ஜாக்கெட் எங்கே இருக்கிறது, பட்டை எந்தப் பக்கம், யாரை எண்ண வேண்டும், யார் சொல்வதைக் கேட்க வேண்டும் என்ற நாலு விஷயம் உடம்பில் ஏறியிருந்தால், மீதியைச் சாய்ந்த கப்பலிலும் கண்டுபிடித்துக்கொள்ள முடிகிறது.

அவர்களுக்காகப் பேசியது இ.பி.ஐ.ஆர்.பி. என்ற சின்ன மிதக்கும் கருவி மட்டும்தான். 406 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் செயற்கைக்கோளுக்குச் சமிக்ஞை அனுப்பும். சமிக்ஞை போன உடனே உதவி வந்துவிடும் என்று நம் பிள்ளைகள் நினைக்கிறார்கள். கன்கார்டியாவில் தேடும் விமானம் மறுநாள்தான் வந்தது. அதற்குப் பிறகு ஹொகுயெட்சு டிலைட், கிறிஸ்டல் பயனீர் என்ற இரண்டு வணிகக் கப்பல்கள் திசை மாறி வந்து 19-ஆம் தேதி ஆட்களை ஏற்றிக்கொண்டன. சரக்குக் கப்பலில் வேலைக்குப் போகிற நம் ஊர்ப் பிள்ளைகள் இதையும் மனதில் வைக்க வேண்டும். நாளைக்கு ஏணியை இறக்கிவிட்டு மேலே நின்று கை கொடுப்பவர்கள் அவர்களாகவும் இருக்கலாம்.

மிதவைக்குள் 40 மணி நேரம் என்பது லேசான காரியம் இல்லை. கூரை போட்ட ரப்பர் மிதவை, காலுக்குக் கீழே கடல் நெளிவது உடம்பில் தெரியும். ஏறிய உடனே, தலை சுற்றுகிறதோ இல்லையோ, குமட்டலுக்கான மாத்திரையைப் போட்டுக்கொள்ள வேண்டும். ஒருவர் வாந்தி எடுத்தால் அந்த வாடைக்கே மற்றவர்களும் எடுப்பார்கள், உடம்பில் இருக்கிற தண்ணீர் எல்லாம் போய்விடும். ஆழ்கடலுக்கான மிதவைப் பெட்டியில் ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர்தான் இருக்கும். காயம்பட்டவர் தவிர யாருக்கும் முதல் 24 மணி நேரம் தண்ணீர் கொடுப்பதில்லை. மழை பெய்தால் பிடித்து வைக்க வேண்டும். உள்ளே தேங்கும் தண்ணீரை இறைத்து, பஞ்சால் ஒற்றி எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். ராத்திரியும் ஒருவர் வெளியே பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும், ஒளிக்குச்சியை எப்போது கொளுத்துவது என்று தெரிந்திருக்க வேண்டும். தூரத்தில் ஒரு வெளிச்சம் தெரிந்த பதற்றத்தில் இருப்பதை எல்லாம் கொளுத்தித் தீர்த்துவிடக்கூடாது. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து காவல் நின்று பழகிய மாணவனுக்கு இந்த முறை மாற்றும் ஒழுங்கு புதிதல்ல. கப்பலில் சலித்துக்கொண்டே செய்த வேலைதான் மிதவையில் உயிரைப் பிடித்து வைக்கும்.

நம் பக்கத்துப் பிள்ளைகள்

தாமிரபரணி வாய்க்காலிலும் தோட்டத்துக் கிணற்றிலும் நீந்தி வளர்ந்தவர்கள் நம் பையன்கள். நீச்சலில் குறை சொல்ல முடியாது. குளத்தில் குதிக்கச் சொன்னால் கிணற்றில் பாய்கிற மாதிரித் தலைகீழாகப் பாயத் தயாராக நிற்பார்கள். ஜாக்கெட் போட்டுக்கொண்டு அப்படிக் குதித்தால் கழுத்து போய்விடும். கால் கீழே, இரண்டு கணுக்காலும் சேர்ந்து, ஒரு கையால் மூக்கைப் பொத்தி, மறுகையால் ஜாக்கெட்டைக் கீழ்நோக்கி அழுத்திப் பிடித்து, கண்ணை நேரே வைத்து, ஓரடி எடுத்து வைக்கிற மாதிரி விழ வேண்டும். “என்ன சார், சின்னப்பிள்ளை மாதிரி குதிக்கச் சொல்லுதிய?” என்று கேட்பார்கள். இந்தப் பெருமையைக் கரைப்பதுதான் முதல் நாள் வேலை.

அடுத்தது கவிழ்ந்த மிதவையை நிமிர்த்துவது. மிதவை சில நேரம் தலைகீழாக விரியும். வாயு உருளை இருக்கிற பக்கம் ஏறி நின்று, அடியில் இருக்கிற பட்டையைப் பிடித்து, உடம்பின் எடையைப் பின்னால் போட்டுச் சாய வேண்டும். காற்று நமக்கு உதவுகிற பக்கமாகத் திருப்பி வைத்துக்கொள்ள வேண்டும். மிதவை நிமிர்ந்து நம் மேலேயே வந்து விழும். நல்ல நீச்சல்காரப் பையன் இங்கேதான் திணறுவான். அடியில் மாட்டியதும் குப்புற நீந்தப் பார்ப்பான், ஜாக்கெட் அவனை மேலே தூக்கி மிதவையோடு ஒட்ட வைக்கும். மல்லாந்து கிடந்து, கையால் மிதவையின் அடிப்பாகத்தைத் தள்ளித் தள்ளி வெளியே வர வேண்டும். மூச்சை அடக்கிக்கொண்டு சொன்னபடி செய்கிறவள் வெளியே வந்துவிடுவாள், அவளுக்கு நீச்சல் சுமாராகத் தெரிந்தாலும் சரி.

“நம்ம நாட்டுல பாய்க்கப்பல் இருக்கா சார்?” என்ற கேள்வி எல்லா அணியிலும் வரும். இருக்கிறது. கடற்படையின் தரங்கிணி 1997-லிருந்து ஓடுகிறது. மூன்று பாய்மரங்கள், கோவாவில் கட்டியது, 2003–04-ல் உலகைச் சுற்றி வந்தது. 2012-ல் சுதர்சினி சேர்ந்தது. கொச்சியில் இருக்கிற பயிற்சிப் படையணியில் இளம் அதிகாரிகள் இவற்றில் ஏறிப் பழகுகிறார்கள். நம் தூத்துக்குடித் தோணிகளும் ஒரு காலத்தில் பாய் விரித்துத்தான் கொழும்புக்குப் போய்வந்தன. இப்போது எல்லாம் என்ஜின்.

பாய் காலத்து ஆள் ஒருவரிடம் உவரிக் கரையில் பேசியிருக்கிறேன். எழுபது கடந்தவர், வள்ளத்தில் பாய் போட்டு ஓடியவர். “காத்து வரப்போவுதுன்னு எப்படித் தாத்தா கண்டுபிடிப்பிய?” என்றேன். “தண்ணி கறுக்கும்லா. கறுப்பு நம்ம பக்கமா நடந்து வரும். அந்தக் கறுப்புக்குள்ள வெள்ள வெள்ளயாத் தெரிஞ்சிட்டுன்னா, பேசிக்கிட்டு நிக்கப்பிடாது. பாயை எறக்கிரணும்.” காற்று வராமல் போய்விட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். “போனாப் போவுது, திரும்ப ஏத்துனாப் போச்சு. கை வலிக்கும், அம்புட்டுதான?”

சூறையின் முன்னணியில் தண்ணீர் கறுத்து வருவதும், அதற்குள் நுரை வெளுத்துத் தெரிவதும், முகத்தில் திடீரென்று குளிர்ச்சியான காற்று படுவதும் மாலுமிக் கல்வியில் எழுதி வைத்திருக்கிற அடையாளங்கள்தான். பெரியவர் சொன்னதில் எனக்கு முக்கியமாகப் பட்டது அந்தக் கடைசிப் பதில். வீணாகப் பாயை இறக்குவதை அவர் நஷ்டமாகவே நினைக்கவில்லை. பெரிய கப்பலில் பாயைக் குறைப்பது பல பேருடைய வேலை, நேரம் பிடிக்கும், வகுப்பிலிருந்து பிள்ளைகளைக் கூப்பிட வேண்டும், பயண அட்டவணை பிந்தும். அதனால் ‘இன்னும் கொஞ்சம் பார்ப்போம்’ என்று அதிகாரிக்குத் தோன்றுவது சகஜம். அவசரமில்லாத நாட்களில் திரும்பத் திரும்பப் பாயை இறக்கி ஏற்றிப் பழகியிருந்தால், அந்தத் தயக்கம் குறையும். ஆகவே பாய் குறைப்பதைப் பாய்க்கப்பலின் அவசரகால ஒத்திகையில் முதல் உருப்படியாகவே சேர்க்க வேண்டும் என்பது என் கட்சி. கப்பலைக் கைவிடும் ஒத்திகைக்கு எவ்வளவு மரியாதையோ அவ்வளவு மரியாதை இதற்கும் வேண்டும்.

கரையில், வகுப்பறையில் என்ன செய்யலாம்? நாள் குறித்து, போட்டோ எடுத்து, ரெஜிஸ்டரில் வரிசையாகக் கையெழுத்து வாங்குகிற ஒத்திகையால் யாருக்கும் பயன் இல்லை. மணி எப்போது அடிக்கும் என்று தெரியக்கூடாது. விளக்கை அணைத்துவிட்டு ஜாக்கெட்டைத் தேடச் சொல்ல வேண்டும். வழக்கமான வாசலைப் பூட்டிவிட்டு, ‘இது தண்ணீருக்குள் போய்விட்டது, வேறு வழி பார்’ என்று சொல்ல வேண்டும். தலை எண்ணும்போது ஒருவரை வேண்டுமென்றே ஒளித்து வைத்து, எண்ணிக்கை குறைவதை யார் எவ்வளவு சீக்கிரம் சொல்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். முதலில் சிரிப்பார்கள். இருட்டில் இரண்டு நிமிஷம் பட்டையைத் தேடிய பிறகு சிரிப்பு நின்றுவிடும்.

அப்புறம், காவல் மாற்றும்போது சொல்கிற பேச்சையும் ஒத்திகை பார்க்க வேண்டும். கன்கார்டியாவைப் பாடமாக எடுத்த நாளில் அம்பை பக்கத்துப் பெண் ஒருத்தி கேட்டாள்: “நான் முன்னால நின்னு பாத்துக்கிட்டு இருக்கேன் சார். அதிகாரி பேசாம இருக்காரு. நான் என்ன சொல்ல முடியும்?” காவல் நிற்கிறவர் பாயை இறக்கச் சொல்ல வேண்டியதில்லை, அது அதிகாரியின் முடிவு. கண்ணில் பட்டதைச் சத்தமாகச் சொன்னால் போதும். எந்தப் பக்கம், எவ்வளவு தூரம், கறுப்பா வெளுப்பா, நெருங்குகிறதா விலகுகிறதா என்று சொல்ல வேண்டும். பதில் வரவில்லை என்றால் மறுபடியும் சொல்ல வேண்டும். மூன்றாவது முறையும் பதில் இல்லை என்றால் கேப்டனைக் கூப்பிடச் சொல்லிக் கேட்க வேண்டும். இதை அவளையே எழுந்து நின்று சொல்லிக்காட்டச் சொன்னேன். முதல் தடவை குரல் கம்மிப் போயிருந்தது. அறையின் கடைசி வரிசைக்குக் கேட்கிற வரை சொல்ல வைத்தேன். இப்போது எல்லா அணிக்கும் கன்கார்டியா பாடம் முடிந்த கையோடு இந்தப் பயிற்சி உண்டு. ஒவ்வொருவராக எழுந்து, ஜன்னலுக்கு வெளியே பார்த்து, தெரிவதைத் திசையோடு சொல்ல வேண்டும். சொல்லி முடித்ததும் ஓடிப்போய் எதிர்ப்பக்க ஜன்னல்களைச் சாத்திவிட்டு வந்து உட்கார வேண்டும்.